மாப்பிள்ளையின் உதடும் லைசின் டானிக்கும்

தென்காசியில் இப்போது தெருவுக்கு ஒரு ஜிம் முளைத்திருக்கிறது. முன்பெல்லாம் சாயங்காலம் பஸ் நிலையத்துப் பக்கம் போனால் பையன்கள் டீ கிளாஸோடு நிற்பார்கள். இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே என்ன என்று கேட்டால், "அமினோ, ஆன்ட்டி" என்கிறார்கள். கூடப் படித்த சேக்காளியின் பெயரைச் சொல்வதுபோல அவ்வளவு உரிமையாகச் சொல்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நிஷா. போன வாரம் அழாத குறையாகப் போன் செய்தாள்.

"மேடம், ஒரு பையன் வந்து உக்காந்துக்கிட்டு லூசின் எவ்வளவு எடுக்கணும், லைசின் எவ்வளவு எடுக்கணும்னு எனக்கே பரீட்சை வைக்கான். காலையில என்ன சாப்பிட்டன்னு கேட்டா, சாப்பாட்டுக்கெல்லாம் ஏது மேடம் நேரம்ங்கான். உங்க காலத்துல இந்தத் தொந்தரவெல்லாம் கெடையாதுல்லா?"

நான் சிரித்த சிரிப்பில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கத்தியோடு எட்டிப் பார்த்தார்.

"கெடையாதாவது! லைசினால ஒரு கல்யாணமே நிக்கப் பாத்துச்சு, தெரியுமாட்டி?" என்றேன்.

"ஐயோ, சொல்லுங்க மேடம்!"

போனில் சொன்னால் நான் பாதியிலேயே சிரித்துவிடுவேன், அவளுக்கு ஒன்றும் விளங்காது. அதனால் எழுதுகிறேன். பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஹனீபா மாமாவின் குறட்டையை மட்டும் உள்ளது உள்ளபடியே விட்டிருக்கிறேன்.

என் அறை வாசலில் 'உணவியல் நிபுணர்' என்று பலகை தொங்கியது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அதை யாரும் வாசித்ததாக நினைவில்லை. உள்நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சும் சமையலறை என் பொறுப்பில் இருந்தது. ஆகவே ஊருக்கு நான் 'கஞ்சி மேடம்'. ஆலங்குளத்துக்காரர் ஒருவர் தன் மகள் சடங்குக்கு அழைத்தபோது உறையின்மேல் 'திருமதி கஞ்சி மேடம் அவர்கள்' என்றே எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுவதும் தன்னைக் கஞ்சி சார் என்று அழைத்துக்கொண்டு திரிந்தார்.

படித்தது மதுரையில். விடுதிச் சாப்பாட்டில் சத்து எங்கே என்று தேடியே மூன்று வருஷம் போய்விட்டது. உடம்பு தானாகச் செய்துகொள்ளத் தெரியாத ஒன்பது அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றைச் சாப்பாட்டிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். அந்த ஒன்பது பேரையும் நாங்கள் கும்மியடித்தபடி மனப்பாடம் செய்தோம். அதில் ஒருவர்தான் இந்த லைசின். தசை வளர, புண் ஆற, எலும்பு சுண்ணாம்புச் சத்தை வாங்கிக்கொள்ள என்று அவருக்கு வேலை நிறைய. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் கம்மி. பருப்பில் தாராளம். பருப்பில் குறைகிற வேறொன்று அரிசியில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் இல்லாத கட்டிலையும் பீரோவையும் பெண் வீட்டார் கொண்டுவந்து இறக்குவதுபோல, சோற்றில் இல்லாததைச் சாம்பார் கொண்டுவந்து சேர்க்கிறது. முட்டை, மீன், கறி, பால் எல்லாவற்றிலும் லைசின் உண்டு. என் படிப்பின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் பெரிய டாக்டரிடம் கற்றுக்கொண்டது.

பெரிய டாக்டர் வாயைத் திறப்பதை ஒரு செலவாகவே நினைத்தார். நோயாளி பேசுவார், இவர் கேட்பார். நோயாளி பொய் சொன்னால் மறுத்துப் பேச மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைப்பார். சின்னப் பொய்க்கு ஒரு பக்கக் கண்ணாடி, பெரிய பொய்க்கு இரண்டு பக்கமும். விவரம் தெரிந்தவர்கள் அவர் கை கண்ணாடிப் பக்கம் போனதுமே உண்மைக்கு வந்துவிடுவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் குற்றாலத்து லாட்ஜ் மேனேஜர் ஒருவரை என்னிடம் அனுப்பினார். சர்க்கரை எகிறிக் கிடந்தது. நான் பாடப்புத்தகப்படி, நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கை சோறு. ராத்திரி ஒண்ணுமில்ல மேடம், வெறும் வயிறுதான்" என்றார். அந்த வெறும் வயிறு மேசைக்கு இந்தப் பக்கம் வரை வந்து என் பேனாவை இடித்துக்கொண்டிருந்தது.

நான் விழித்துக்கொண்டு நிற்க, பெரிய டாக்டர் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒரே மூச்சில் அதிகமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நம்ம ஊர்ல இலையில விழுந்தாத்தான் அது சாப்பாடு. நின்னுக்கிட்டுத் தின்னது, அடுத்தவன் வாங்கிக் குடுத்தது, மிஞ்சுனது, இதெல்லாம் கணக்குலயே வராது. அதனால சாப்பாட்டக் கேக்காத. நாளக் கேளு."

பிறகு மேனேஜரிடம் திரும்பி, "முழிச்சதும் எங்கன போனீய?" என்றார்.

அவ்வளவுதான். மேனேஜர் எழுந்தார், பல் தேய்த்தார், லாட்ஜுக்குப் போனார். போகிற வழியில் யார் நின்றார்? டீக்கடைக்காரர் நின்றார். நின்றவர் சும்மா விடுவாரா? வடை வந்தது. பத்து மணிக்கு விருந்தாளிகளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். அவர்கள் குளிக்க, இவர் துணிக்குக் காவல். காவல் இருக்கிறவனுக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுக்காமல் இருக்க அவர்கள் என்ன கல்நெஞ்சக்காரர்களா? திரும்பும்போது மங்குஸ்தான் கடை. ராத்திரி புரோட்டாக் கடையில் விருந்தாளிக்குப் பார்சல் வாங்கும்போது புரோட்டா ஒன்று இரண்டாகப் பிய்ந்துவிட்டது. "பிஞ்சத விருந்தாளிக்குக் குடுக்க முடியுமா? வீசத்தான் மனசு வருமா? நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்று மேனேஜர் நியாயம் கேட்டார். பிய்ந்த புரோட்டாவுக்கு ஒரு சால்னாவும் தேவைப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து அதுவே என் முறையாகிவிட்டது. அலமாரியில் கரண்டிகளும் கிண்ணங்களும் டம்ளர்களும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையில் இருக்கும். நோயாளியின் நாளோடு கூடவே நடப்பேன். தின்கிற இடம் வந்ததும் கரண்டிகளைப் பரப்பி, "இதுல எது?" என்பேன். வாய் பொய் சொல்லும். கை தன் வீட்டுக் கரண்டியைத் தானாகப் போய்த் தொட்டுவிடும். எந்த ஆய்வுக்கூடத்திலும் இவ்வளவு சுத்தமான முடிவு கிடைக்காது என்பது என் கட்சி.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

அது சாரல் காலம். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து, ஊர் முழுக்க ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. சாகுல் என்ற பையன் பெரிய டாக்டரைப் பார்க்க வந்திருந்தான். வளைகுடாவில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்காக லீவில் வந்தவன். வாப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமா ஹனீபாதான் வளர்த்தவர், அவர்தான் கூட வந்திருந்தார்.

சாகுலின் கீழுதட்டில் கொத்தாகக் கொப்புளம். சேக்காளிகளோடு அருவியில் ஆட்டம் போட்டுவிட்டு வந்த மறுநாள் கிளம்பியதாம். பல்லி நக்கிவிட்டது என்றார்கள் ஒரு வீட்டில். கண்ணேறு என்றார்கள் இன்னொரு வீட்டில். அக்கி என்று தீர்ப்புச் சொன்னவர், மண்பானை செய்கிற ஒரு பெரியவரிடம் கூட்டிப்போய் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். நம் ஊரில் அக்கி வந்தால் காவி மண்ணைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதுவது வழக்கம். உதட்டில் இடம் போதாது, பாவம். சிங்கத்தின் வாய் மட்டும் உதட்டருகே இருந்தது. உடம்பும் வாலும் கன்னத்தில் ஏறிக் காது வரை போயிருந்தன. கல்யாண மாப்பிள்ளை அந்தக் கோலத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"சிங்கம் நல்லா அமைஞ்சிருக்கு. கழுவிட்டு வா" என்றார்.

கழுவி வந்த பிறகு பார்த்தால், வெயிலிலும் அலைச்சலிலும் பலருக்கு வருகிற உதட்டுக் கொப்புளம்தான். ஒரு வைரஸின் வேலை. பூசுவதற்குக் களிம்பு எழுதினார். கிள்ளக்கூடாது, டம்ளரைப் பிறரோடு பங்கு போடக்கூடாது, தானாக ஆறிவிடும் என்றார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஹனீபா மாமா கனைத்துக்கொண்டார்.

"டாக்டர், இதுக்கு லைசின் குடுப்பாவல்லா? துபாய்ல எங்க கிளினிக்ல இதுக்கெல்லாம் லைசின்தான்."

மாமா பல வருஷம் அங்கே ஒரு கிளினிக்கில் இருந்தவர். அந்தக் கிளினிக்கின் வேனை ஓட்டினார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பெரிய டாக்டர் ஒரு பக்கக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "கஞ்சி மேடத்தக் கேளுங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். லைசின் சாப்பிட்டால் இந்தக் கொப்புளம் சீக்கிரம் போகும் என்று சிலர் சொல்கிறார்கள், அப்படியெல்லாம் தெரியவில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள், உறுதியாக யாரும் சொல்லவில்லை. பருப்பும் மீனும் முட்டையும் கறியும் புழங்குகிற வீட்டில் லைசினுக்குப் பஞ்சம் கிடையாது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது.

"வீட்டுச் சோத்துலயே இருக்குன்னா அப்புறம் எதுக்கு மேடம் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு விருந்துகளில் நடந்ததெல்லாம் கேள்விப்பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் மாப்பிள்ளையை முறை வைத்து விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். முந்திரியும் வேர்க்கடலையும் லைசினுக்கு எதிரி என்று மாமா செல்போனில் படித்திருக்கிறார். எந்த வீட்டு விருந்தானாலும் சாகுலின் பக்கத்தில் உட்கார்ந்து, பிரியாணியிலிருந்தும் அல்வாவிலிருந்தும் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிடுவாராம். எடுத்ததை வீணாக்கக்கூடாதல்லவா, தன் வாயில் போட்டுக்கொள்வாராம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் கூட இல்லை. மைதீன் பாய் என் அறைக்கு வந்தார். பெண்ணின் வாப்பா அவர். பஜாரில் சாரக்கடை வைத்திருப்பவர், என் வீட்டுக்காரருக்கு எல்லா லுங்கியும் அங்கேதான். எப்போதும் "வாங்க மேடம், வாங்க மேடம்" என்று சத்தமாக வரவேற்கும் மனிதர், அன்றைக்கு உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் மூத்த மகள், கல்யாணப் பெண்ணின் அக்கா பாத்திமா கூட வந்திருந்தாள். கதவோரத்தில் நின்றாள். என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

"மேடம், அந்தப் பயலுக்கு என்ன செய்யிது? எனக்கு உண்மை தெரியணும்."

"எந்தப் பயலுக்கு?"

"சாகுலுக்குத்தான். நேத்து எங்க வீட்ல விருந்து. இடியாப்பத்த வச்சா காணும், வச்சா காணும். எம் பொஞ்சாதி அடுத்த தெருவுல போயி மாவு வாங்கிட்டு வந்தா. தின்னது போகட்டும் மேடம், ஆம்பளப்புள்ள தின்னுட்டுப் போறான். பேசிக்கிட்டு இருக்கும்போதே ஏந்தோள்ல சாஞ்சி தூங்குதான்! ஊர்ப்பெரியவங்க அத்தன பேரும் பாக்காங்க. சட்டைக்கு அளவெடுக்கப் போன எடத்துல நின்னுக்கிட்டே தூங்கியிருக்கான். டெய்லர் எங்கிட்ட சொல்லுதாரு, பாய், போன வாரம் எடுத்த இடுப்பு வேற, இந்த வாரம் இடுப்பு வேறங்காரு."

"அலைச்சலா இருக்கும் பாய்" என்றேன்.

அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"இப்பிடித்தான் மேடம் சொன்னாங்க. இவளக் குடுக்கும்போதும் இப்பிடித்தான் சொன்னாங்க. மாப்பிள்ள அசந்து தூங்குதாரு, வேல அதிகம், அலைச்சல்னு. நானும் நம்பினேன். அந்த ஆளு காலையிலேயே குடிக்கிறவன்னு நிக்காஹ் முடிஞ்சப்புறந்தான் தெரிஞ்சிது. இவ அடிபட்டுத் திரும்பி வந்தா. ரெண்டாவது தடவையும் நானே கண்ண மூடிக்கிட்டுக் குழியில எறங்கவா? நாளைக்கு ஜமாத்துல சொல்லிருதேன், இந்தக் கல்யாணம் வேண்டாம்னு."

பாத்திமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கச் சிரிக்க எழுதலாம் என்று ஆரம்பித்த எனக்கு, அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்தப் பக்கம், அந்தப் பையனின் லீவும் முடியப்போகிறது. இப்போது நின்றால் நின்றதுதான். தூங்கி விழுகிற மாப்பிள்ளை, ஜமாத்தில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளை என்று ஊர் பேசினால், அடுத்து யார் பெண் கொடுப்பார்கள்?

ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "ஒரு நாள் பொறுங்க பாய். அவங்களையே வரச் சொல்லுதேன், நீங்களும் வாங்க" என்றேன்.

மறுநாள் சாகுல் வந்தான். உதடு கிட்டத்தட்ட ஆறியிருந்தது. முகம் பௌர்ணமி மாதிரி ஆகியிருந்தது. பெரிய டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. வேறு மருந்து சாப்பிடுகிறாயா என்று மறுபடியும் கேட்டார். இல்லவே இல்லை என்றான். கண்ணாடிக்குப் போன டாக்டரின் கை பாதியில் நின்றுவிட்டது. பையன் பொய் சொல்லவில்லை என்று அவருக்கே தெரிந்தது. என்னைப் பார்த்து, "நாளக் கேளு" என்றார்.

என் அறையில் நடுவில் சாகுல். ஒரு பக்கம் கைப்பையோடு ஹனீபா மாமா. மறுபக்கம் மைதீன் பாய். கதவோரம் பாத்திமா. பெரிய டாக்டர் ஜன்னலில் சாய்ந்து நின்றார்.

"இவங்கல்லாம் வெளிய இருக்கட்டுமாப்பா?" என்று சாகுலிடம் கேட்டேன்.

"எல்லாரும் இருக்கட்டும் மேடம். எனக்கு மறைக்க ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டான். மைதீன் பாய் பல்லைக் கடித்தார்.

நான் ஆரம்பித்தேன். "முழிச்சதும் எங்கன போன?"

"நானா முழிக்க மாட்டேன் மேடம். மாமா வந்து எழுப்புவாரு."

"எழுப்பி?"

"வாயத் தொறன்னுவாரு."

அறையில் இருந்த எல்லோரும் ஹனீபா மாமாவைப் பார்த்தோம். மாமா பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தொறந்தா?"

"டானிக் ஊத்துவாரு."

"டாக்டர் ரெண்டு தடவ கேட்டாரே, மருந்து ஏதும் சாப்பிடுதியான்னு?"

"அது மருந்தில்ல மேடம். டானிக்கு."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா கைப்பையைத் திறந்து புட்டியை மேசைமேல் வைத்தார். புட்டியின்மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. 'லைசின்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. விஷயம் இதுதான்: மாமா கடை கடையாக ஏறி லைசின் கேட்டிருக்கிறார். தனி லைசின் மாத்திரை எங்கும் இல்லை. ஒரு கடையில், குழந்தைகளுக்குப் பசி எடுக்கக் கொடுக்கும் டானிக்கை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அதில் லைசின் உண்டு, பொய்யில்லை. கூடவே பசியைத் தூண்டுகிற இன்னொரு மருந்தும் உண்டு. அதன் பெயர் எறும்பு எழுத்தில் இருந்தது. பசியைத் தூண்டுவதோடு தூக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவருவது அதன் குணம். டாக்டர் சொல்லாமல் யாரும் யாருக்கும் ஊற்றக்கூடாத சரக்கு.

நான் கரண்டிகளைப் பரப்பினேன். "எதுல ஊத்துவாரு?"

சாகுலின் கை டானிக் மூடியைத் தாண்டியது. தேக்கரண்டியைத் தாண்டியது. நெய்க்கரண்டியில் போய் நின்றது.

"எத்தன வேள?"

"சோத்துக்கு முன்னால எல்லா வேளையும். விருந்துன்னா பைக்குள்ள வச்சிக் கொண்டுவந்துருவாரு."

"மூடியில ஊத்தச் சொல்லி புட்டியிலயே எழுதியிருக்கே, அண்ணாச்சி?" என்று மாமாவிடம் கேட்டேன்.

"அது சின்னப் புள்ளைக்கு மேடம். இவன் ஆம்பளையில்லா? உதடும் ஆறிருச்சு பாத்தியளா, லைசின்னா லைசின்தான்!"

உதடு தானாக ஆறியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. நான் மைதீன் பாயிடம் திரும்பி, "பாய், இதான் விஷயம். குடியுமில்ல, போதையுமில்ல, நோயுமில்ல. இந்த டானிக்க நிறுத்துனா ரெண்டொரு நாள்ல முழிச்சிருவான்" என்றேன்.

மைதீன் பாய் புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நம்பவில்லை.

"மேடம், எனக்குக் காது குத்தாதீங்க. பச்சப்புள்ள குடிக்கிற டானிக்குல இவ்வளவு பெரிய ஆளு உருண்டு விழுவானா? நீங்களும் சேந்து மூடி மறைக்கப் பாக்கிய."

சங்கடம் என்னவென்றால், ஹனீபா மாமாவும் என் பக்கம் இல்லை. அவருக்கு டானிக்கின் மானம் பெரிதாகிவிட்டது.

"அவரு சொல்லுததுதான் சரி! சத்து டானிக்குல எங்கயாவது தூக்கம் வருமா? துபாய்ல எங்க கிளினிக்ல புட்டி புட்டியாப் பாத்தவன் நான். இப்ப என்ன, இதுல தூக்கம் வருதா வரலையான்னு தெரியணும், அவ்வளவுதான?"

நாங்கள் சுதாரிப்பதற்குள் புட்டியைத் திறந்து அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டார். நானும் டாக்டரும் ஒரே நேரத்தில் பாய்ந்து புட்டியைப் பிடுங்கினோம். பெரிய டாக்டர் மிச்சத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மாமாவின் நாடியைப் பிடித்தார், வயசையும் வியாதியையும் விசாரித்தார்.

"பயமில்ல. எந்திரிக்கக் கூடாது. இங்கயே இருங்க" என்று மாமாவிடம் சொன்னார். பிறகு எல்லோரையும் பார்த்து, "உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தோம். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. மைதீன் பாய் மாமாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல. பெரிய டாக்டர் அவ்வப்போது வந்து நாடி பார்த்துவிட்டுப் போனார். மாமா துபாய் கிளினிக்கின் பெருமையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். அந்தக் கிளினிக்கில் ஏசி எப்படி, தரை எப்படி, அரபி எப்படித் தன்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார் என்றெல்லாம் போயிற்று. சாகுல் இதையெல்லாம் முன்பே கேட்டவன், சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

கொஞ்ச நேரம் போயிற்று. மாமா பேச்சை நிறுத்தி வயிற்றைத் தடவினார்.

"மேடம், திங்கதுக்கு ஏதாவது கெடைக்குமா? காலையில நல்லாத்தான் சாப்பிட்டேன். என்னமோ கபகபங்குது."

சமையலறையிலிருந்து பருப்புக்கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வந்தன. குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டார். அதையும் குடித்துவிட்டு, "கஞ்சி கூட இங்கன ருசியாத்தான் இருக்கு" என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் ஆஸ்பத்திரிக் கஞ்சிக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. டானிக்கின் தயவில் வந்தது என்பதால் நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "இப்பிடித்தான் பாய், எங்க கிளினிக்ல ஒரு தடவ..." என்றார். கொட்டாவி விட்டார். "எங்க கிளினிக்ல..." என்றார் மறுபடியும். "கிளினிக்ல..."

தலை ஒருமுறை முன்னால் போய் வந்தது. ஒருமுறை பின்னால் போய் வந்தது. பிறகு பக்கவாட்டில் சரிந்து, மைதீன் பாயின் தோளில் போய் நிம்மதியாக அமர்ந்தது. முந்தாநாள்தான் மருமகன் சாய்ந்த தோள். இன்று மாமன். குறட்டை கிளம்பியது பாருங்கள், செங்கோட்டைப் பக்கம் மலையேறுகிற லாரி மாதிரி முக்கி முக்கி ஏறி, உச்சியில் ஒரு விசில் அடித்து இறங்கியது. மேசைமேல் இருந்த கரண்டிகள் அதிர்ந்ததாக எனக்கு ஞாபகம். அது மிகையாகவும் இருக்கலாம்.

அந்த விசிலுக்குப் பின்னால், கதவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

பாத்திமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. நான் முதலில் அழுகிறாளோ என்று நினைத்துவிட்டேன். அடுத்த விசில் வந்தது. அவளால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு பிடி கொள்ளாமல் கதவோரத்திலேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் சாகுல் திடுக்கிட்டு விழித்து, தன் மாமா கிடக்கிற கோலத்தைப் பார்த்து, ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றான். பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகும் ஆடியது.

மைதீன் பாய் அசையவே இல்லை. தோளில் மாமாவின் தலை, முழங்கையில் மாமாவின் கைப்பை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு கட்டத்தில் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சாகுலைக் கூப்பிட்டார். அதுவரைக்கும் அவர் வாயில் அவன் 'அந்தப் பய'.

"மாப்பிள" என்றார். "இனிமே உங்க மாமா கையால பச்சத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நிக்காஹுக்கு முழிச்சிக்கிட்டு வந்து சேருங்க."

சாகுல் தலையை எத்தனை முறை ஆட்டினான் என்று எண்ண முடியவில்லை.

குறட்டை இன்னும் ஒரு படி ஏறியது. பாய்க்குத் தோள் வலிக்குமே என்று, மாமாவை எழுப்பிக் கட்டிலில் படுக்க வைக்க நான் எழுந்து போனேன். மைதீன் பாய் இன்னொரு கையைத் தூக்கி என்னைத் தடுத்தார்.

"எழுப்பாதீங்க மேடம்" என்றார், உதடு மட்டும் அசைய. "கொஞ்ச நேரம் இப்பிடியே கெடக்கட்டும். எம்மவ வீட்டுக்குத் திரும்பி வந்தப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்கா."